எந்த அளவு?

“ஓரளவு ஓடுவன்” என்று யாராவது சொன்னால் அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவார். மெழுகு உருக்கும் அயன்பெட்டியை அதன் தாங்கியில் வைப்பார். கையுறையைக் கழற்றுவார். பிறகு சொன்னவரின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

“ஓரளவு எண்டால் எந்த அளவு?”

அதில் கேலி இல்லை. கேலி என்று நினைத்துச் சிரித்தவர்கள், அவர் சிரிக்காததைக் கண்டு, தங்கள் சிரிப்பைப் பாதியில் விட்டார்கள். அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பார். காத்திருக்கும் நேரத்தில் சுவெட்டர்க் கையில் ஒட்டியிருக்கும் மெழுகுத் துகள்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுப்பார்.

கடை மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதியோரத்துப் பிளாஸா ஒன்றில் இருந்தது. ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் பல் வைத்தியர். வெயில் காலத்தில் சைக்கிளும் குளிர்காலத்தில் பனிமலையில் சறுக்கி ஓடும் ஸ்கீப் பலகைகளும் விற்றார்கள். முதலாளி வயதான வெள்ளைக்காரர். முன்பக்கத்தில் உடுப்பும் கண்ணாடியும் விற்பதற்கு ஆட்கள் மாறிமாறி வந்துபோனார்கள். பின்பக்கத்து வேலைமேசை மட்டும் ‘எந்த அளவு’ என்று கேட்கும் இவருடையது. ஸ்கீயின் இரும்பு ஓரங்களைத் தீட்டுவது, அடியில் மெழுகு பூசுவது, பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டைப் பொருத்தி அதன் இறுக்கத்தை அளந்து வைப்பது எல்லாம் அவர்தான்.

மேசைக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. பூட்டுப் பொருத்தும் பயிற்சியில் அவர் தேறியதற்கானது. அது உள்ளவர் மட்டுமே பூட்டில் கைவைக்கலாம் என்பது கடையின் விதி.

“என்ர பேர் போட்டு வந்த காகிதத்தில உது ஒண்டுதான் நல்ல காகிதம்” என்று ஒருமுறை சொன்னார். “மிச்சமெல்லாம் பில்.”

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தீவுப்பகுதியிலிருந்து சிறுமியாக வந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் சிறிய சிலுவை ஒன்று இருந்தது. குனிந்து வேலை செய்யும்போது அது மெழுகில் படாமல் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார். இவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்று தொடங்கி, பேச்சு முற்றினால் ‘நீங்கள்’ என்று மட்டும் சொல்வார்.

தமிழ் கதைக்கிற ஒருத்தி பின்பக்கத்தில் நிற்கிறாள் என்று ஸ்காபரோ முழுக்கத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்கீப் பயணம் என்று கேட்கத் தொடங்கியதும், அதுவரை பனியை அள்ளி எறிய மட்டும் தெரிந்திருந்த தாய் தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார்கள். சிலர் தாங்களும் பழகினார்கள். எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உயரம், நிறை, வயது. அதன் கீழே மூன்று பெட்டிகள். முதலாவது மெதுவாக, கவனமாக ஓடுகிறவர்களுக்கு. மூன்றாவது வேகமாக, துணிந்து ஓடுகிறவர்களுக்கு. இரண்டாவது இந்த இரண்டுக்கும் நடுவே. பூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், விழும்போது எந்த நேரத்தில் காலை விட்டுவிட வேண்டும் என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் அட்டவணையில் பார்த்துப் போடுவார்கள்.

“மனிசர் ரெண்டு இடத்தில பொய் சொல்லுவினம்” என்பார் அவர். “பொம்பிளையள் நிறையில. ஆம்பிளையள் பெட்டியில.”

ஒரு சனிக்கிழமை, நான் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அன்ரி நிறை என்ற இடத்தில் ஐம்பத்திரண்டு கிலோ என்று எழுதிக் கொடுத்தார். இவர் படிவத்தைப் பார்த்தார். அன்ரியைப் பார்த்தார்.

“அன்ரி, உது கலியாணத்துக்கு முந்தின நிறையோ?”

பக்கத்தில் நின்ற கணவர் சிரித்துவிட்டார். “நீங்கள் சும்மா நில்லுங்கோப்பா” என்று அவரை அதட்டிவிட்டு, அன்ரி பேனையை வாங்கி எழுபத்தொன்று என்று திருத்தினார். போகும்போது இவருடைய கையைப் பிடித்து, “நல்ல வாய் பிள்ளை உமக்கு” என்றார். அது புகழ்ச்சியா ஏச்சா என்று தெரியவில்லை.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. ஸ்ரௌவ்விலில் இருந்து வந்த ஓர் அங்கிள், பன்னிரண்டு வயது மகளுக்கு அவளைவிட ஒரு சாண் உயரமான ஸ்கீயை எடுத்துக்கொண்டு வந்தார்.

“வளருற பிள்ளை, தங்கச்சி. ரெண்டு மூண்டு வருசத்துக்குப் போடலாம்.”

“அங்கிள், சப்பாத்துப் பெரிசெண்டால் நுனியில பஞ்சு அடையலாம். ஸ்கீ பெரிசெண்டால் எங்க அடையிறது?”

“அது அவள் பழகியிடுவாள். கெட்டிக்காரி.”

“எந்த அளவு?”

அங்கிள் ஸ்கீயை இருந்த இடத்தில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதலாளி முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் விளங்காது. கதவு மூடியது மட்டும் விளங்கியது.

அந்தச் சப்பாத்துக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்புவரை நான் பஞ்சு அடைத்த சப்பாத்தோடுதான் போனேன். பிறகு கால் வளர்ந்தது, சப்பாத்துச் சரியாக வந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் வாங்கினார்கள். மேற்சட்டை, மேசை, நான் சேர்ந்த வகுப்பு எல்லாம் ஓர் அளவு பெரிது. நான் வளர்ந்து நிரப்பினேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. பல்கலைக்கழகம் வரை போய்ப் பட்டத்தோடு வந்த முதல் ஆள் நான். அந்தப் பட்டம் எங்கள் வீட்டு வரவேற்பறையில், கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறது.

‘ஓரளவு’ என்ற சொல்லும் எனக்குப் பழக்கமானதுதான். ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்டால் அம்மா “ஓரளவு” என்பார். அதற்கு, தெரியாது என்று பொருள். இல்லை என்பதற்குப் போட்டுவிட்ட நல்ல உடுப்பு. நான் அதே சொல்லைச் சொன்னால், நன்றாகவே தெரியும், ஆனால் நானாகச் சொல்ல மாட்டேன் என்று பொருள். கேட்பவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இவர் ஒருவர்தான் அந்தச் சொல்லையே பிடித்து நிறுத்தி, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர்.

நான் சொந்த ஸ்கீ வாங்கப் போனது மூன்றாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில். இரண்டு குளிர்காலம் வாடகை ஸ்கீயில் பழகியிருந்தேன். பச்சை அடையாளமிட்ட இலகுவான சரிவுகள் அலுத்துவிட்டன. நீலத்தில் நிதானமாக இறங்குவேன். செங்குத்தான கறுப்புச் சரிவுகளில் இரண்டு தடவை இறங்கியிருந்தேன். இறங்கினேன் என்பதைவிடக் கீழே வந்துசேர்ந்தேன் என்பது சரி. நான் வேலை செய்யும் கந்தோரில் ஒவ்வொரு மாசியிலும் எல்லோருமாக ஒரு நாள் மலைக்குப் போவார்கள். அவர்கள் நடக்கப் பழகிய கையோடு சறுக்கவும் பழகியவர்கள். நீ எப்படி என்று கேட்டபோது, நன்றாக ஓடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

எனக்குப் பிடித்த ஸ்கீ சுவரில் சாய்ந்து நின்றது. கறுப்பு நிறம், ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. என்னைவிடப் பத்து சென்ரிமீற்றர் உயரம்.

“உதோ?” என்றார் அவர். ஸ்கீயின் நுனியை ஒரு கையாலும் வாலைக் காலாலும் பிடித்துக்கொண்டு, “நடுவில அமத்துங்கோ” என்றார்.

அழுத்தினேன். அசையவில்லை.

“இன்னும்.”

இரண்டு கையாலும் அழுத்தினேன்.

“இஞ்ச நிண்டு அமத்தி வளையாதது, மலையில மட்டும் வளையுமோ? உது பாரமான ஆக்களுக்கு, கடும் வேகத்தில ஓடுறதுக்கு. நீங்கள் எப்பிடி ஓடுவீங்கள்?”

“ஓரளவு நல்லா ஓடுவன் அக்கா.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று தெரிந்தது. அவர் அயன்பெட்டியைத் தாங்கியில் வைத்தார்.

“திரும்பேக்க ரெண்டு ஸ்கீயும் சேந்து வருமோ? இல்லாட்டி முதல் பீஸா மாதிரி விரிஞ்சு, பேந்து சேருமோ?”

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். நுனிகளைச் சேர்த்து வாலை விரித்து, பீஸாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். 

“சேந்துதான் வரும்.”

“நீலத்தில?”

“நீலத்தில.”

“கறுப்பில?”

“கறுப்பில பீஸா வரும்.”

“எப்ப? முழுக்கவோ, பயந்தால் மட்டுமோ?”

“பயந்தால்.”

“இப்ப விளங்குது” என்றார். பாராட்டும் இல்லை, இளக்காரமும் இல்லை. சுவரிலிருந்து வேறு ஒரு சோடியை எடுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். நுனி என் மூக்குக்கு வந்தது. “பழகத் தொடங்கிற ஆக்களுக்கு நாடி வரைக்கும் காணும். உங்களுக்கு மூக்கு. நெத்திக்கு மேல இப்ப வேண்டாம்.” அழுத்தச் சொன்னார். வளைந்தது, ஆனால் சும்மா வளையவில்லை. கொஞ்சம் எதிர்த்துவிட்டு வளைந்தது. “இது நீங்கள் சொல்லுறதைக் கேக்கும். ஆனால் நீங்கள் சொல்லவேணும்.”

பூட்ஸ் நிற்கும் இடத்தில் இன்னும் அகலமானது நல்லதில்லையா என்று கேட்டேன். இணையத்தில் வாசித்திருந்தேன்.

“அது ஆழமான சினோவுக்கு. மேற்குப் பக்கத்து மலையளுக்கு. இஞ்ச எங்க ஆழம்? மெஷினால அடிச்ச சினோ. இரவு உறைஞ்சு, காலமை பாத்தால் கண்ணாடி. அதில கடிச்சுப் பிடிக்க ஒடுக்கமானதுதான் வேணும்.”

அரை மணி நேரம் நின்றேன். கறுப்பு ஸ்கீயைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. என்னை விட்டுவிட்டு வேறு ஒருவரின் ஸ்கீயைத் தீட்டத் தொடங்கினார். கடைசியில் அவர் சொன்னதையே எடுத்தேன்.

பூட்டைப் பொருத்திக்கொண்டு இருக்கும்போதுதான் அவர் பாரவண்டி ஓட்டுகிற ஒருவரின் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை. திருகாணியைப் பார்த்தபடி தானாகச் சொன்னார்.

“போன வருசம் ஒரு அண்ணை வந்தவர். பெரிய ட்ரக் ஓடுறவர். உயரம் கேட்டன், நிறை கேட்டன், எப்பிடி ஓடுவீங்கள் எண்டு கேட்டன். நல்லா ஓடுவன் எண்டார். நான் அப்ப அதுக்கு மேல கேக்கிறேல்லை. மூண்டாம் பெட்டி. அதுக்கு ஏத்த மாதிரி இறுக்கி வைச்சன். அவர் விழேக்க பூட்டு விடேல்லை. முழங்கால் விட்டிட்டுது.”

“பேந்து?”

“ரெண்டு ஒப்பரேஷன். வண்டியில ஏறேலாது. முதலாளி படிவத்தை எடுத்துப் பாத்திட்டு, நீ எல்லாம் சரியாத்தான் செய்திருக்கிறாய் எண்டார்.” திருகாணியை இன்னும் கொஞ்சம் திருப்பினார். “சரியாத்தான் செய்தனான்.”

பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார். உயரத்தையும் நிறையையும் உள்ளபடி எழுதினேன். பெட்டிகளுக்கு வந்தேன். எந்தப் படிவத்திலும் நான் நடுப்பெட்டியில் அடையாளம் இட்டதில்லை. ஸ்கீயின் உயரத்தில் அன்று விட்டுக்கொடுத்திருந்தேன். இதிலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. மூன்றாவதில் இட்டேன்.

“வடிவா யோசிச்சனீங்களோ?”

“ஓம்.”

“கறுப்பில பீஸா வரும் எண்டனீங்கள்.”

“இந்த வருசம் வராது.”

அவர் என் கையிலிருந்த பேனையை வாங்கி, மூடியைப் போட்டு, சட்டைப் பையில் செருகினார். 

“சரி” என்றார்.

அந்தச் ‘சரி’யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அட்டவணையைப் பார்த்து, பூட்டின் இறுக்கம் ஐந்தரை என்று படிவத்தில் எழுதி, மஞ்சள் பிரதியைக் கிழித்து என்னிடம் தந்தார்.

ஸ்கீ நல்ல ஸ்கீ. முதல் நாளே தெரிந்தது. வாடகை ஸ்கீயில் திரும்ப வேண்டும் என்று நினைத்து, தோளைத் திருப்பி, இடுப்பைத் திருப்பி, கடைசியில் அது திரும்பும். இதில் நினைத்து முடிப்பதற்குள் பாதி திரும்பியிருந்தது. உறைந்த இடத்தில் ஓரம் கடித்துப் பிடித்தது. கறுப்பு ஸ்கீயை வாங்கியிருந்தால் அந்த நாள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

தை மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண வரவேற்பில் அவரைக் கண்டேன். சேலையில், மெழுகு இல்லாத கைகளோடு, எங்கள் மேசையிலேயே இருந்தார். மேடையில் அறிவிப்பாளர், மாப்பிள்ளை தலைசிறந்த மிருதங்கக் கலைஞர் என்று சொன்னார். இவர் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, மெதுவாக, யாருக்கும் இல்லாமல் கேட்டார்.

“எந்த அளவு?”

அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவருடைய முதுகில் தட்டிக்கொண்டு நான் இவரை அறிமுகப்படுத்தினேன். 

“பிள்ளை, நீரும் மலையில ஓடுவீரோ? நல்லா ஓடுவீரோ?” என்று அம்மா கேட்டார்.

“நீலத்தில விழமாட்டன் அன்ரி. கறுப்பில நாலு தரத்துக்கு ஒருக்கா விழுவன். ஐஸ் கிடந்தால் பயம், சுத்திப் போயிடுவன்.”

அம்மா தலையாட்டினார். அவருக்கு நீலமும் தெரியாது, கறுப்பும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், “அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிக் கதைக்கேக்க கடைக்காரன் சாமானைப் பற்றிச் சொல்லுற மாதிரிச் சொல்லுது” என்றார். நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாசியில் கந்தோர் மலைக்குப் போனது. மத்தியானம் வரை எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு எங்கள் இயக்குநர், வாருங்கள், கறுப்பில் ஒருமுறை போகலாம் என்றார். நான்கு பேர் போனோம். மூன்றாவது திருப்பத்தில் உறைந்த தடம் ஒன்று வந்தது. பயந்தேன். பீஸா வந்தது. அடுத்த கணம் வலது கால் இலேசாகிவிட்டது. ஸ்கீ தன்பாட்டில் ஒரு பக்கம் போக, நான் முதுகால் சறுக்கி, இயக்குநரைக் கடந்து, மலையடிவாரத்தில் வரிசையில் நின்றவர்களின் கால்களுக்கு முன்னால் போய் நின்றேன். தொப்பி மேலே எங்கேயோ கிடந்தது. யாரோ கைதட்டினார்கள். கேலியாக இல்லை, அடிபடவில்லை என்ற சந்தோசத்தில்தான். ஆனால் கைதட்டல் கைதட்டல்தான்.

எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி என் ஸ்கீயைக் கொண்டுவந்து தந்தாள். பூட்டின் மேலுள்ள சிறிய கண்ணாடித் துளையைப் பார்த்து, இது நாலரையில் நிற்கிறதே, நீ வேகமாக ஓடுகிற ஆள் என்றல்லவா சொன்னாய், என்று ஆங்கிலத்தில் கேட்டாள். 

வீட்டுக்கு வந்து மஞ்சள் பிரதியை எடுத்தேன். மூன்றாவது பெட்டி. ஐந்தரை. அவருடைய கையெழுத்து. நாலரை என்பது இரண்டாவது பெட்டிக்குரிய அளவு. நான் சொன்னதை எழுதிவிட்டு, தான் நினைத்ததை வைத்திருக்கிறார்.

அவர் செய்தது பிழை. இதை இப்போதும் நான் மாற்றிச் சொல்லவில்லை. பூட்டு நேரத்துக்கு முன்பே விட்டதால் விழுந்தேனா, விழும்போது விட வேண்டிய நேரத்தில் விட்டதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதுவும் எனக்கு அன்று தெரிந்திருந்தது. பாரவண்டிக்காரரின் முழங்காலும் தெரிந்திருந்தது.

நான் அவரிடம் போகவில்லை. முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று பந்திகள். படிவத்தின் படம், பூட்டின் படம். பாதுகாப்பு, பதிவு, பொறுப்பு என்ற சொற்கள் உரிய இடங்களில் இருந்தன. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு, ஸ்கீயைக் கொண்டு வரச்சொல்லி எழுதியிருந்தார்.

வேலைமேசைக்கு முன்னால் நின்று முதலாளி படிவத்தை அவரிடம் நீட்டினார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. இது உன் கையெழுத்தா என்றார். ஆம். ஐந்தரை என்று எழுதியிருக்கிறாய். ஆம். பூட்டு நாலரையில் இருக்கிறது. ஆம். தவறுதலாக நடந்ததா என்று முதலாளி கேட்டார். கேட்டபோது முதலாளியின் குரல் கொஞ்சம் தணிந்தது. ஆம் என்று அக்கா சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தது போல இருந்தது.

“இல்லை” என்றார் அவர். “தெரிந்துதான் வைத்தேன்.”

முன்பக்கத்தில் தொலைபேசி அடித்தது. முதலாளி போனார். நாங்கள் இருவரும் நின்றோம்.

“ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் விட்டிருப்பீங்களோ?”

“இல்லை.”

“அதான்.”

“என்ர படிவம் அது. சைன் வைச்சது நான்.”

“ஓம்.”

“எல்லாருக்கும் முன்னால விழுத்திப்போட்டுது.”

“எழும்பினனீங்கள்தானே?” என்றார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால்களைப் பார்த்தார்.

பிறகு ஸ்கீயை மேசையில் கிடத்தி, திருகாணிகளைத் திருப்பினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மற்ற ஸ்கீயிலும் அப்படியே. கண்ணாடித் துளைக்குள் கோடு நாலரையிலிருந்து ஐந்தரைக்கு நகர்ந்ததை நான் நின்று பார்த்தேன். இறுக்கத்தை அளக்கும் கருவியில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்த்தார். வழக்கம்போல் அவசரப்படவில்லை.

“இந்தாங்கோ. நீங்கள் எழுதின அளவு.”

வாசலில் முதலாளி என்னை மறித்து, இதில் திருப்தியா, வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அந்த ஸ்கீயை எனக்குத் தெரிவு செய்து தந்தவர் அக்காதான் என்று சொல்லியிருக்கலாம். கறுப்பில் பயந்தால் என்ன நடக்கும் என்பதை அவரிடம் நானே சொல்லியிருந்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான், நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தனியாக மலைக்குப் போனேன். கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து, ஸ்கீயைக் குறுக்கே கிடத்தினேன். அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு திருப்புளியைக் கொண்டுவந்திருந்தேன். அக்கா எந்தப் பக்கம் திருப்பினார் என்பது நினைவிருந்தது. கை விறைத்தது. பக்கத்துக் காரில் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஒருவர், உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மற்றதிலும் அப்படியே. நான்கும் நாலரைக்கு வந்தன. பூட்டில் நான் கைவைத்திருக்கக் கூடாது. என்னிடம் அந்தக் காகிதம் இல்லை. அன்று முழுக்க நீலத்தில் ஓடினேன். பூட்டு ஒருமுறைகூட விடவில்லை.

மஞ்சள் பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் மூன்றாவது பெட்டிதான். முதலாளிக்கு இரண்டாவது மின்னஞ்சல் ஒன்றை எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நிறுத்தினேன். முதலாவதை எழுதும்போது எனக்கு எந்தச் சொல்லுக்கும் தட்டுப்பாடு இருக்கவில்லை.

அக்காவைக் கடைசியாகக் கண்டது பங்குனி மாதம். அதற்கடுத்த குளிர்காலத்தில் அவர் அந்தக் கடையில் இல்லை, எங்கே போனார் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. அந்தப் பங்குனியில் நான் காலுறை வாங்குவது போலப் போனேன். வீட்டில் தேவைக்கு மேல் காலுறை இருந்தது. பின்பக்கத்து மேசையில் புதிதாக ஒருவர் குனிந்து நின்றார். அவருக்கு மேலே சுவரில் வேறு சட்டம், வேறு பெயர். பழைய சட்டம் இருந்த இடத்துக்கு இது கொஞ்சம் சின்னது. சுற்றிவர வெளிறாத சுவர் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

அக்கா முன்பக்கத்தில், பணம் வாங்கும் இடத்தில் நின்றார். கடையின் பெயர் போட்ட நீலச் சட்டை. கையில் மெழுகு இல்லை. சிலுவை முன்பக்கம் தொங்கியது. என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை.

“எப்பிடித் தங்கச்சி? ஓட்டம் எப்பிடிப் போகுது?”

நான் வரும் வழியெல்லாம் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நீலத்தில் விழுவதில்லை. கறுப்பில் இரண்டு தரத்துக்கு ஒருக்கா. பயந்தால் இப்போதும் பீஸா வருகிறது. பூட்டு நாலரையில் இருக்கிறது, திருப்பினது நான். அவர் கேட்டால் இவ்வளவையும் சொல்வதென்று இருந்தேன். 

“ஓரளவு, அக்கா” என்றேன்.

காத்திருந்தேன். அவர் காலுறையின் விலையட்டையைக் கருவிக்குக் காட்டினார். அது ஒருமுறை கீச்சிட்டது.

“நல்லது” என்றார். “பை வேணுமோ?”